புல்லுக்குக் கன்றுக்குட்டி கொடுத்த கதை

"சித்தப்பா, இதுல ஐ.ஓ எது, டி.ஓ எது?"

திண்ணையில் அண்ணன் மகள். பத்தாம் வகுப்பு. இங்கிலீஷ் இலக்கண நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் பென்சிலால் எஸ் (எழுவாய்), வி (வினை), ஓ (செயப்படுபொருள்), சி (நிரப்புச் சொல்), ஏ (எங்கே, எப்போது போன்ற கூடுதல் விவரம்).

கொல்லையில் அம்மா கன்றுக்குட்டிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். சரி, அதையே எடுத்துக்கொண்டேன். 'அப்பாயி கேவ் தி காஃப் கிராஸ்.' 'யாருக்கு' என்றால் ஐ.ஓ, அது காஃப்; 'எதை' என்றால் டி.ஓ, அது கிராஸ்.

"மாத்திப் போட்டா?"

'அப்பாயி கேவ் கிராஸ் தி காஃப்.' புல்லுக்குக் கன்றுக்குட்டியைத் தின்னக் கொடுத்தாயிற்று!

சிரித்துவிட்டாள்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'கன்றுக்குட்டிக்கு' என்பதை எங்கே தூக்கிப் போட்டாலும் அந்த 'கு' ஒட்டிக்கொண்டு கூடவே போகும். இங்கிலீஷில் அந்த வேலையை இடம்தான் செய்கிறது. 'டு' போட்டால் மட்டும் கன்றுக்குட்டி கடைசிக்குப் போகலாம்.

அப்புறம் 'இட் இஸ் ரெயினிங்'.

"இட்னா யாரு?"

யாருமில்லை. கட்டளை வாக்கியத்திலாவது 'யூ' ஒளிந்திருக்கும். மற்றபடி எஸ் இல்லாமல் வாக்கியம் நிற்காதே, அதனால் மழைக்கு ஒரு ஆளைக் கூலிக்குப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். (பள்ளியில் எனக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை.)

அந்த நேரம் வயலிலிருந்து அண்ணன் போன். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது வழக்கம். அன்றிலிருந்து வாய்க்காலைப் பார்த்தபடியே இருக்கிற வீடு இது.

"வந்துடுச்சு!"

ஒரே சொல். எது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

இவள் நோட்டின் ஓரத்தில் 'வந்துடுச்சு' என்று எழுதி, அடியில் 'வி' போட்டாள். எஸ்ஸுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.