இரண்டெழுத்துத் திருத்தத்துக்கு 41 நாள்: செய்முறை விளக்கம்

ஒரு கட்டுரையில் ‘சுவற்றில் துளையிடும் முன்’ என்று இருக்கிறது. கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும். சுவர் ‘று’வில் முடியவில்லை, அதனால் அது சுவரில்தான். ‘ற்றி’யை எடுத்துவிட்டு ‘ரி’யைப் போட வேண்டும். நாலு நொடி வேலை.

சம்பளம் வாங்காதவர்கள் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு கை கொடுத்து நடத்தும் குழுமங்களில் இந்த நாலு நொடியை 41 நாளாக இழுக்கலாம். பல குழுமங்கள் தெரியாத்தனமாகவே இதைச் சாதித்துவிடுகின்றன. முறையாகச் செய்ய விரும்புவோருக்காக இந்தக் குறிப்பு. கணக்குக்கு வசதியாக மொத்த உறுப்பினர்கள் 240 பேர், அவர்களில் மாதம் ஒருமுறையாவது எட்டிப்பார்ப்பவர்கள் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் படிவம். பதினோரு கட்டம் போதும். அதற்கு மேல் போனால் ஆள் ஆரம்பத்திலேயே ஓடிவிடுவார். அவர் பாதி வழியில் ஓடினால்தான் நமக்கு ஒரு ‘நிலுவை’ மிஞ்சும். கட்டங்களில் உயிர்நாடி ‘ஆதாரம்’ என்பது. அதைக் கட்டாயமாக்குங்கள். ‘சுவரில்’ என்ற சொல்லுக்கு ஆதாரம் தேடி ஒருவர் அகராதியைப் புரட்டுவார். அங்கே ‘சுவர்’ இருக்கும், ‘சுவரில்’ இருக்காது. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களை அகராதியில் தனிச்சொல்லாகப் போடுவது வழக்கமில்லை. ‘குறிப்பிட்ட ஆதாரத்தில் குறிப்பிட்ட சொல் காணப்படவில்லை’ என்று படிவத்தைத் திருப்பி அனுப்பலாம். அவர் இலக்கண நூலைக் காட்டி மறுபடி நிரப்புவார். ஐந்து நாள் போயிற்று.

அடுத்து ஆட்சேபக் காலம், ஏழு நாள். இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் சரியாக எழுதப்பட்டால் இந்த விதி வேலையை விரைவாக்கிவிடும். தன்னார்வலர்கள் கூடி மென்பொருள் எழுதும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் ‘மௌனம் சம்மதம்’ என்பதுதான் அன்றாட நடைமுறை. ஒருவர் ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று அறிவிக்கிறார். யாரும் மறுக்காவிட்டால் செய்துவிடுகிறார். வோட்டெடுப்பு வைத்தாலும் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருந்தால் போதும் என்பதே பொது வழக்கம். உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் பார்க்க நேரம் கிடைக்கட்டும் என்பதற்காக அந்த மூன்று நாள்.

இதைக் கெடுப்பது சுலபம். இரண்டு வரி சேர்த்தால் போதும். ‘குறைந்தது மூன்று பேர் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும்’ என்பது ஒன்று. மௌனம் இப்போது ஆட்சேபமாகிவிட்டது. ‘முன்மொழிவின் வாசகம் மாறினால் காலம் புதிதாகத் தொடங்கும்’ என்பது மற்றொன்று. ஆறாம் நாள் மாலை ஒரு மகராசன் வந்து, முன்மொழிவில் ஒரு காற்புள்ளி தவறான இடத்தில் இருக்கிறது என்பார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். காற்புள்ளியை நகர்த்தியதும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும். ஆறும் ஏழும் பதின்மூன்று. மொத்தம் 18.

மூன்றாவது, அதிகார எல்லை. ‘எழுத்துப்பிழைக் குழு’, ‘நடைக்குழு’ என்று இரண்டு குழுக்கள் இருப்பது உத்தமம். ‘சுவற்றில்’ என்பது பிழையா, பேச்சுவழக்கு நடையா? இரண்டு குழுவும் ‘இது உங்களுடையது’ என்று தள்ளிவிடும் என்று நினைப்பீர்கள். நடப்பது நேர்மாறு. இரண்டும் ‘இது எங்களுடையது’ என்று பிடித்துக்கொள்ளும். வேலையைச் செய்யும் ஆசையில் இல்லை. விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை கேட்கவே மாட்டார்கள் என்ற பயத்தில். எல்லையை வரையறுக்க ஒரு கூட்டுத் துணைக்குழு, ஒன்பது நாள். ஆக 27.

துணைக்குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? இதற்கு அச்சில் வந்த வழிகாட்டுதலே உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் ஒரு நாசவேலைக் கையேடு தயாரித்தது. எதிரி நாட்டு அலுவலகங்களுக்குள் இருந்துகொண்டே சாதாரண ஆட்கள் வேலையைக் கெடுப்பது எப்படி என்பது அதில் ஒரு பகுதி. எல்லாவற்றையும் முறையான வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடி. விஷயங்களைக் குழுவுக்கு அனுப்பு. குழு முடிந்த அளவு பெரிதாக இருக்கட்டும், ஐந்துக்குக் குறையக் கூடாது. தீர்மானங்களின் சொற்களைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டு. போன கூட்டத்தில் முடிந்ததை மறுபடி கிளறு. அங்கே இதற்கு ஓர் உளவு அமைப்பு தேவைப்பட்டது. நமக்குத் தன்னார்வலர்களே போதும்.

கடைசியாக வோட்டெடுப்பு, 14 நாள். மொத்தம் 41 ஆகிவிட்டது, ஆனாலும் இன்னும் ஓர் ஆபத்து பாக்கி: தீர்மானம் நிறைவேறிவிடலாம். அதைத் தடுக்கத்தான் கோரம், அதாவது முடிவு செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. பெயரே காரியத்தைச் சொல்கிறது. ‘மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வோட்டுப் போட வேண்டும்’ என்று எழுதுங்கள். 240இல் பாதி 120. வருவதோ 30 பேர். முப்பது பேரும் ஒருமனதாக ஆதரித்தாலும் தோற்கும். கோர விதியை மாற்றலாமே என்றால், அதை மாற்றவும் கோரம் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டி.

தன்னார்வலர்கள் கூடிக் கணினி இயங்குதளம் உருவாக்கும் டெபியன் திட்டத்தினர் இந்தப் பொறிக்குள் விழவில்லை. 1998இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட அமைப்புவிதியில் கோரத்துக்குச் சதவீதமே கிடையாது, வர்க்கமூலம்தான் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதியை எடுத்து, பொதுத் தீர்மானத்துக்கு அதை மூன்றால் பெருக்க வேண்டும். ஆயிரம் பேர் இருந்தால் ஆதரவாக 48 பேர் போதும். நம் 240 பேருக்குப் போட்டுப் பார்த்தால் வர்க்கமூலம் பதினைந்தரை, பாதி ஏழே முக்கால், மூன்று மடங்கு 23 சொச்சம். அதாவது 24 பேர். எட்டிப்பார்க்கும் முப்பது பேரை வைத்தே காரியம் முடிந்துவிடும். எனவே இந்தச் சூத்திரம் பக்கம் போய்விடாதீர்கள். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் இன்னும் மோசம்: அங்கே முறைப்படி வோட்டே கிடையாது. கூட்டத்தில் ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லி, எந்தப் பக்கம் சத்தம் பலம் என்று கேட்டுப் பொதுக்கருத்தை எடைபோடுவார்கள். முனகலுக்குப் படிவம் போட முடியாது.

பதவிகளைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளுக்கு மேல் ஒரு படி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயரே ‘பியூரோகிராட்’, அதாவது அதிகாரவர்க்கத்தவர். வேடிக்கையாக வைத்தது போலத் தோன்றும், ஆனால் மெய்யான பொறுப்பு. அதே விக்கிப்பீடியாவில் ‘இது அதிகாரவர்க்க அமைப்பு இல்லை’ என்று கொள்கையும் இருக்கிறது, ‘வேலையைத் தடுக்கும் விதியை ஒதுக்கித்தள்ளு’ என்ற விதியும் இருக்கிறது. அந்தக் கடைசி விதிக்கு என்ன பொருள் என்று விளக்கத் தனிக் கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ‘ஹெச்’ வேண்டுமா வேண்டாமா என்று அங்கே பல ஆண்டுகள் நடந்த தலைப்புச் சண்டை 2011இல்தான் ஓய்ந்தது.

சம்பளம் இல்லாத இடத்தில் ஒருவரைக் கௌரவிக்கக் கையில் இருப்பது பதவிப் பெயர் மட்டுமே. பெயர் கொடுத்த பிறகு அதற்கொரு வேலை கொடுத்தாக வேண்டும். செய்கிற வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருப்பதால், மிச்சம் இருப்பது செய்கிறவர்களைச் சரிபார்க்கும் வேலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பதில் பூசாரியைத் திட்டிப் பயனில்லை. வரத்தைச் சரிபார்ப்பதற்கென்றே அவரை உட்கார வைத்தது நாம்தான்.

விதிகள் பெருகுவதற்கும் காரணம் எளிது. ஒரு விதியைச் சேர்க்க ஒரே ஒரு சண்டை போதும். நீக்குவதற்கோ, இனி அந்தச் சண்டை வராது என்று நிரூபிக்க வேண்டும். அதை யாரால் முடியும்? சண்டை போட்ட இருவரும் மூன்றாம் மாதம் குழுமத்தை விட்டுப் போயிருப்பார்கள். விதி மட்டும் உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர் அதை வேதம் என்று நினைத்துக்கொள்வார்.

இதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான தொகுப்பாளர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஏன் என்று ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஒரு கட்டுரை, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்கள் முன்பைவிட அதிகமாகத் தள்ளப்பட்டன, தானியங்கிக் கருவிகள் அதை வேகப்படுத்தின, விதிகளை மாற்றுவதும் புதியவர்களுக்குக் கடினமாகிப்போனது என்று கண்டது. முதல் திருத்தமே தள்ளப்பட்டவர் ஏன் இரண்டாவதற்கு வரப்போகிறார்?

பதிப்புரிமை, பணம், கடவுச்சொல், மிரட்டல் இந்த நாலுக்கும் கெடுபிடி வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பிழை நடந்தால் திரும்பப் பெற முடியாது. ‘சுவற்றில்’ விஷயத்தில் பழைய வடிவத்தை மீட்க ஒரு சொடுக்கு போதும். மீட்கச் சுலபமானதை முதலில் செய், பிறகு பேசு. மீட்க முடியாததை முதலில் பேசு. இந்த ஒரு வரியை முகப்பில் ஒட்டினால் படிவத்தில் எட்டுக் கட்டம் காணாமல் போகும்.

இன்னொரு வைத்தியமும் உண்டு: ஒவ்வொரு விதிக்கும் காலாவதித் தேதி. 12 மாதம் கழித்து யாரும் புதுப்பிக்காவிட்டால் தானாகச் செத்துப்போகும். இதை எந்தக் குழுமத்தில் முன்மொழிந்தாலும் பலத்த வரவேற்பு கிடைக்கும். விதிகளின் தேதிகளைக் கண்காணிக்கப் புதுப்பித்தல் குழு ஒன்று அமைப்பார்கள். உறுப்பினர்கள் ஐந்து பேர்; எழுத்துப்பிழைக் குழுவிலிருந்து இருவர், நடைக்குழுவிலிருந்து இருவர், தலைவர் தேர்வு நிலுவையில். தேதி நெருங்கும் விதிகள் எல்லாவற்றையும் பாதுகாப்பு கருதி மொத்தமாக ஓராண்டு நீட்டிப்பது அதன் முதல் தீர்மானம். அது மட்டும் ஒரே நாளில், கோரத்தோடு நிறைவேறும்.