மழையைக் கணக்குப் பார்த்துக் கட்டிய ஊர்: தோலாவிரா நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி. அகமதாபாத்

சிந்துவெளி (ஹரப்பா) நாகரிகத்தின் பழைய ஊரான லோத்தல் போய்விட்டு இப்போதுதான் அறைக்கு வந்தேன். உடம்பெல்லாம் தூசி. காலையில் கிளம்பும்போது மனதில் ஒரு துறைமுகம் இருந்தது, அங்கே போய் நின்றால் சுற்றிலும் வயல்காடு, கடல் வாடைகூட இல்லை. நடுவில் அந்தச் செங்கல் தொட்டி மட்டும் கிடக்கிறது, சுமார் 217 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். 1955-ல் தோண்டத் தொடங்கிய எஸ். ஆர். ராவ் இதைக் கப்பல் துறை என்றார், இல்லை, இது வெறும் நீர்த்தேக்கம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் தெற்குச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் வழியருகே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மட்டம் தாண்டினால் தானாக வழிய வேண்டும், வேண்டாதபோது அடைக்கவும் வேண்டும், அதற்குத் தோதாகக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் கலுங்கும் மடையும் செய்கிற வேலைதான்.

ஆறு எங்கே என்றுதான் தேடினேன். போன வருடம் காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து, சபர்மதி அந்தக் காலத்தில் லோத்தலை ஒட்டியே ஓடியது என்று சொன்னார்கள். இன்று அது 20 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊர் அங்கேயே இருக்கிறது, ஆறு எழுந்து போய்விட்டது! பள்ளியில் ‘ஆற்றங்கரை நாகரிகம்’ என்று படித்தபோது ஆறு என்பது நிலையாக ஒரே இடத்தில் இருப்பது போலவும் மனிதர்கள்தான் அதைத் தேடி வந்தார்கள் என்பது போலவும் ஒரு படம் மனதில் பதிந்துவிட்டது. அது எவ்வளவு தப்பு என்று இன்றைக்கு நேரில் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது.

2025 ஜனவரி 12, ஞாயிறு. பூஜ்

ராத்திரி ரயிலில் வந்து சேர்ந்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த சிந்துவெளி ஆறுகளையும் மழையையும் பற்றிய லிவியு ஜியோசான் என்ற ஆய்வாளர் குழுவின் 2012 கட்டுரையைத் திரும்பப் படித்தேன். முதல் தடவை படித்தபோது பிடிபடாத ஒன்று இந்தத் தடவை பிடிபட்டது.

பருவமழை மிகப் பலமாக இருந்த காலத்தில் சிந்துவும் அதன் துணை ஆறுகளும் கட்டுக்கடங்காமல் பெருக்கெடுத்தன, கரையோரம் நிலையாகக் குடியிருக்க முடியாது. பிறகு பருவமழை மெல்ல மெல்லத் தளர்ந்தது. வெள்ளத்தின் மூர்க்கம் அடங்கி, வண்டலை மட்டும் விட்டுவிட்டு வடிகிற ஆறுகளாக அவை மாறின, வெள்ளம் வடிந்த ஈரத்தில் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள், நகரங்கள் வந்தன. அந்தத் தளர்ச்சி அதோடு நிற்கவில்லை. மழை இன்னும் குறைந்துகொண்டே போக, அதே நிலம் தாங்காமல் போனது. அவர்களை வாழவைத்ததும் மழை குறைந்ததுதான், பின்னால் ஊரைக் காலி செய்ய வைத்ததும் மழை குறைந்ததுதான். கி.மு. 2600 முதல் 1900 வரையிலான அந்த எழுநூறு வருடப் பெருநகர வாழ்வு, மழை ரொம்ப அதிகம் என்ற நிலைக்கும் ரொம்பக் குறைவு என்ற நிலைக்கும் நடுவில் கிடைத்த ஓர் இடைவெளி. ரயில் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம். சட்லஜ் ஆறு ஒரு காலத்தில், இன்று மழைக்கு மட்டும் ஓடும் கக்கர்-ஹக்ரா படுகையில் ஓடியது உண்மைதான், ஆனால் ஹரப்பா நகரங்கள் எழுவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது திசை மாறிவிட்டது. 2017-ல் வந்த ஆய்வு இதை மணலின் வயதைக் கணித்துச் சொல்கிறது. அப்படியென்றால் கக்கர் கரையில் காலிபங்கன் போன்ற ஊர்களைக் கட்டியவர்கள் பனிமலை நீரை நம்பி வந்தவர்கள் இல்லை, பெரிய ஆறு விட்டுப்போன பள்ளத்தில் மழைக்கு மழை ஓடுகிற தண்ணீரை நம்பி வந்தவர்கள். மூர்க்கமான ஆறு போன பிறகுதான் அந்த இடம் குடியிருக்கத் தோதானது. வறண்ட ஆற்றை நம்பி யார் ஊர் கட்டுவார்கள் என்று கேட்பவர்கள் வைகைப் பக்கம் ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

2025 ஜனவரி 13, திங்கள். தோலாவிரா

காவ்டா பக்கமிருந்து, ரண் என்கிற உப்புச் சதுப்பு வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் புதுச் சாலையில் வந்தோம். சுமார் 30 கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உப்பு, தூரத்தில் இளஞ்சிவப்பாகப் பூநாரைக் கூட்டம். காரோட்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கச் சொன்னார். உப்புப் பாளம் காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

இப்படி ஒரு இடத்தில், காதிர் என்ற இந்தத் தீவில், ஏன் தோலாவிரா போல ஒரு ஹரப்பா நகரம்? அந்தக் காலத்தில் ரண்ணில் தண்ணீர் இன்னும் ஆழமாக இருந்து படகுகள் வந்துபோயிருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இது மூலையில் கிடந்த ஊர் இல்லை, சிந்துவுக்கும் சௌராஷ்டிரத்துக்கும் நடுவே வழியில் இருந்த ஊர். ரண் இருந்தபடியே இருக்கும் நிலமும் இல்லை. 1819 ஜூன் 16 நிலநடுக்கத்தில் இதே ரண்ணில் ‘அல்லா பந்த்’ என்ற நீண்ட மேடு எழும்பியது, அதன் தெற்கே சிந்த்ரி கோட்டை தண்ணீரில் மூழ்கியது, எல்லாம் ஒரே நாளில். 2001 பூஜ் நிலநடுக்கத்தை இந்தப் பக்கத்துக்காரர்களிடம் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. தோலாவிராவின் மதில்களிலேயே பழைய நடுக்கங்களின் தடயம் இருக்கிறது.

தங்கியிருப்பது ஒரு புங்காவில். வட்டமான மண்சுவர், மேலே கூம்புக்கூரை, கச்சின் பழைய வீட்டு வகை. உள்ளே கண்ணாடிச் சில்லு பதித்த சுவர். 2001-ல் சதுர வீடுகள் பல விழுந்தபோது இந்த வட்ட வீடுகள் நிறையத் தாக்குப்பிடித்தன. குளிர் பலமாக இருக்கிறது, ஆனால் உள்ளே கதகதப்பு. வீட்டுக்கார அம்மா கம்பு ரொட்டியும் மோரும் கொடுத்தார்.

2025 ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

இங்கே உத்தராயண். வானம் பூராவும் பட்டம். நான் பொங்கல் வைக்காமல் கல்தொட்டி பார்க்கப் போனேன்.

இந்த இடத்தை 1960-களின் கடைசியில் வெளியுலகுக்குச் சொன்னவர் ஜெகத்பதி ஜோஷி, 1990 வாக்கில் தொடங்கி பதினைந்து வருடம் போலத் தோண்டியவர் ஆர். எஸ். பிஷ்ட். 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பெயர்ப்பலகை போல வடக்கு வாசலில் கிடைத்த பத்து பெரிய எழுத்துகளைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் தண்ணீருக்காக வந்தவன்.

நகரத்துக்கு வடக்கே மான்சர், தெற்கே மன்ஹர், இரண்டும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகள். இங்கே சராசரி மழை வருடத்துக்கு 300 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை, சில வருடம் வானம் அடியோடு பொய்த்துவிடும், நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. ஆண்டில் சில நாள் ஓடுகிற தண்ணீரை அவர்கள் கல்லணை போட்டு மறித்து, மதிலை ஒட்டி வரிசையாக வெட்டிய நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பினார்கள். ஊர் இருக்கும் மேடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமார் 13 மீட்டர் சரிகிறது, அந்தச் சரிவை வைத்துத்தான் மொத்தத் திட்டமும். நிலம் எப்படிச் சாய்கிறதோ அப்படி ஊரை வரைந்திருக்கிறார்கள்.

கிழக்குப் பக்கத் தொட்டிக்குள் இறங்கினேன். 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நீளப் பட்டையாகத் தெரிகிறது, அதில் யாரோ அறுத்துவிட்ட பட்டம் ஒன்று. தரையில் பாறையைக் குடைந்து ஒரு கிணறும் இருக்கிறது, தொட்டி வற்றினாலும் கடைசிச் சொட்டு வரை எடுக்க. மேலே கோட்டைக்குள் ஆள் நடந்து போகும் அளவுக்குக் கல் வடிகால்கள், மழைநீரைச் சேகரிக்க மட்டும். சாக்கடைக்கு வேறு வழி வைத்திருந்தார்கள்.

மொகஞ்சதாரோவை நினைத்துக்கொண்டேன். அங்கே கல் இல்லை, வண்டல் இருந்தது, அதனால் சுட்ட செங்கல். வெள்ளம் வரும், அதனால் வீட்டுக்கு அடியில் மேடை. சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே கல் கையெட்டும் தூரத்தில், அதனால் கல்நகரம், வெள்ளத்துக்குப் பதில் வறட்சி, அதனால் தொட்டி. முத்திரையும் எடைக்கல்லும் ஒன்று, ஊர் கட்டிய விதம் மட்டும் நிலத்துக்கு நிலம் வேறு. பயிரும் அப்படித்தான். சிந்துப் பக்கம் கோதுமை, பார்லி. குஜராத்தில் குளிர்கால மழை கிடையாது, ஆகவே சௌராஷ்டிரத்தின் ரோஜ்டியில் தோண்டியபோது கிடைத்த தானியத்தில் சாமைதான் மிகுதி. சாமை! பாட்டி உலையில் போட்ட அதே சாமை.

சாயங்காலம் அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன், தொட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆழத்தைக் கேட்கவில்லை, அழகைக் கேட்கவில்லை. “ஓடத் தண்ணின்னா மண்ணும் சேந்துல்ல வரும். வருசா வருசம் தூர் வாரணுமே, யாரு வாருனா?” என்றார்.

2025 ஜனவரி 15, புதன். தோலாவிரா

அப்பா கேட்ட கேள்வியோடேயே இன்று முழுக்கச் சுற்றினேன். பிஷ்ட் இந்த ஊரின் வாழ்வை ஏழு கட்டமாகப் பிரித்தார். ஐந்தாவது கட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது முக்கியமாகச் சொல்வது, நகரத்தின் பராமரிப்பு தளர்ந்தது என்பதைத்தான். படையெடுப்போ ஒரே நாள் பேரழிவோ இல்லை, பராமரிப்புத்தான் விட்டுப்போனது. அதற்கப்புறம் ஊர் கொஞ்ச காலம் காலியானது, பிறகு சிறிய அளவில் திரும்பக் குடியேறினார்கள், மறுபடி காலி, கடைசியாக வந்தவர்கள் வட்டக் குடிசைகளில் வாழ்ந்தார்கள்.

அந்த நேரத்தில் வானத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஹரியானாவில் கோட்லா தஹர் என்ற பழைய ஏரியின் சேற்றில் கிடைத்த நத்தை ஓடுகளைச் சோதித்தவர்கள், சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் கோடைப் பருவமழை சட்டென்று பலவீனமானதை 2014-ல் காட்டினார்கள். மேகாலயாவின் மவ்ம்லூ குகைப் படிவமும் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வறட்சியைச் சொல்கிறது, 2018-ல் புவியியலாளர்கள் நாம் வாழும் காலப்பிரிவுக்கே அந்த மாநிலத்தின் பெயரை வைத்தார்கள். ஆனால் வறட்சி வந்தது, நகரம் செத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வறட்சியைச் சமாளிக்கத்தானே இந்த ஊரையே கட்டினார்கள்? ஒரு வருடம் பொய்த்தால் தாங்கும், மூன்று வருடம் பொய்த்தால் தொட்டியில் தண்ணீர் இருக்காது, தூர் வார ஆளுக்குக் கூலியாகக் கொடுக்கத் தானியம் இருக்காது, அடுத்த மழை வரும்போது தொட்டியில் மண் இருக்கும். கண்மாய் அழிவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். மெசபடோமியாவோடு நடந்த வணிகமும் சுருங்கிய காலம் அது, இங்கே செய்த பாசிமணிகளை வாங்க ஆள் இல்லாமல் போனதும் சேர்ந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

மக்கள் மாயமாகவும் இல்லை. மழை இருந்த பக்கம் போனார்கள், கிழக்கே ஹரியானா, கங்கை-யமுனைச் சமவெளி நோக்கி. அங்கே பிந்தைய ஹரப்பாச் சிற்றூர்கள் பெருகுகின்றன.

மதியம் அந்த வட்டக் குடிசைகளின் அடித்தளத்தைப் பார்த்தேன். பழைய மாளிகைக் கற்களைப் பெயர்த்து வட்டமாக வைத்திருக்கிறார்கள். இதை வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். ராத்திரி புங்காவுக்குள் படுத்துக்கொண்டு அதே வட்டத்தைத் தலைக்கு மேல் பார்த்தேன், வெளியே ஊளைக்காற்று, உள்ளே நன்றாகத் தூங்கினேன்.

2025 ஜனவரி 16, வியாழன். கிளம்பும் முன்

விடிந்ததும் மன்ஹர் ஓடைக்குள் இறங்கி நடந்தேன். பொடி மணல், எருமைத் தடம், கருவேல முள். அணை போட்ட இடத்தில் சில கற்கள் கிடக்கின்றன. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். “கல்லுக்கு இடையில களிமண்ணு அடச்சிருக்கான்னு குனிஞ்சு பாரு” என்றார். முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே காரோட்டி இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.