செக்ரோலில் ஒரு பெயர்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிலாளர்களிடம் "ஒரு நாளைக்கு என்ன கூலி?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். எஸ்டேட் கூலி எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு நாளைக்குப் பறித்தாக வேண்டிய அடிப்படைக் கிலோவைத் தாண்டிப் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்பதும் தெரியும். எங்கள் கூலி ஆய்வுப் படிவத்தில் அந்தப் பகுதியை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் கேத்திப் பக்கத்துக் கேரட் தோட்டத்தில் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும்போது இவர் ஏன் அங்கே போகவில்லை? அதை எழுதப் படிவத்தில் இடம் கிடையாது. கூலி ஆய்வு வேலையில் எனக்குப் பிடித்துப்போனது இந்தக் கேள்விதான்.

கேரட் வேலைக்கு விடிவதற்கு முன்பே பிக்கப் வண்டி வந்து நிற்கும். குளிரில் தோண்டி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிட வேண்டும். கூலி அன்றன்றைக்குக் கையில் வந்துவிடும். பி.எஃப். கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலையும் கிடையாது. சரி, அந்தப் பாதுகாப்புக்காகத்தான் எஸ்டேட்டை விடாமல் இருக்கிறார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். பொருளாதாரப் புத்தகமும் அதைத்தான் சொல்லும்: கஷ்டமான, நிச்சயமில்லாத வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும். 1776-இலேயே ஆடம் ஸ்மித் எழுதிவைத்த விஷயம் அது.

ஆனால் தொழிலாளர்கள் முதலில் சொல்வது பி.எஃப்.பையோ கிராஜுவிட்டியையோ அல்ல, எஸ்டேட் தரும் வீட்டை.

எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு ஒன்றின் வாசலில் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். முப்பது வருடச் சர்வீஸ். சட்டப்படி வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் 450 நாள் கூலி கிராஜுவிட்டியாக வர வேண்டும். "வீட்டைக் காலி பண்ணினாத்தான் செட்டில்மென்ட்னு சொல்றாங்க தம்பி. காலி பண்ணிட்டு எங்க போறது? அதான் மருமக பேர செக்ரோல்ல போட்டிருக்கோம்" என்றார். செக்ரோல் என்பது எஸ்டேட்டின் தொழிலாளர் பதிவேடு; அதில் வீட்டில் ஒருவர் பெயர் இருந்தால் வீடு கையில் இருக்கும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மருமகள் பன்னிரண்டாவது வரை படித்தவர், கோயம்புத்தூரில் கடை வேலைக்கு அழைப்பு வந்தும் போகவில்லை. அவர் கொழுந்து பறிக்கப் போவதால் நான்கு பேருக்கு வீடு இருக்கிறது. அந்தக் கடைக்காரர் எவ்வளவு சம்பளம் சொல்லியிருந்தாலும் நான்கு பேரின் வீட்டு வாடகையையும் சேர்த்துத்தான் இவர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்.

தொழிலாளிக்குப் போக வேறு இடமில்லாத நிலையை 'மொனாப்சொனி' என்பார்கள். அந்தச் சொல்லைப் பாடப்புத்தகங்களில் ஏற்றியது பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-இல் எழுதிய நூல். ஒரே ஒரு முதலாளி இருக்கும் ஊரைத்தான் அதற்கு உதாரணம் காட்டுவார்கள். நீலகிரி அப்படியா? எஸ்டேட்டுகள், சிறு விவசாயிகள், பச்சைத்தேயிலை வாங்கும் ஃபேக்டரிகள், காய்கறித் தோட்டங்கள், ஊட்டி லாட்ஜுகள், மலையிறங்கினால் கோயம்புத்தூரும் திருப்பூரும். முதலாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியிருந்தும் எஸ்டேட் தன் கூலிக்கே ஆளை வைத்துக்கொள்ள முடிகிறது. இன்னொரு முதலாளி கூடுதலாகக் கூலி தரலாம், வீடு தர மாட்டார்.

இந்த ஏற்பாடு யாரோ சூழ்ச்சி செய்து கொண்டுவந்ததல்ல. தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களில் அந்தச் சட்டம் கரைந்துவிட்டது. ஆனாலும் வீட்டுப் பொறுப்பு தொடர்கிறது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ உருவானது. ஊரும் நிலமும் இல்லாமல் கப்பலிறங்கியவர்களுக்கு வீட்டோடு வேலை என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அன்றைக்கு உரிமையாக வந்த அதே வீடுதான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளை நகர விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வீடு கொடுப்பதே தப்பு என்று இதை வைத்து யாராவது வாதாடினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டையும் வேலையையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் சிக்கல்.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. நான் பார்த்த எஸ்டேட் தொழிலாளர்களில் பலரிடம் நியமனக் கடிதம் என்று ஒரு தாள் கிடையாது, செக்ரோல் நம்பர்தான். பிக்கப்பில் போகும் கேரட் தொழிலாளியிடமும் தாள் இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். பி.எஃப்., சம்பளத்தோடு விடுப்பு பற்றிய கேள்விகள் அவர்களை ஓரளவு பிரித்துக் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்று தலைமுறை ஒரு கூரைக்கடியில் தங்கியிருப்பதன் முழு ஒப்பந்தமும் அந்த நம்பரில்தான் இருக்கிறது.

அப்புறம் கிலோ விவகாரம். கூலியைக் கூட்டினால் அதிகம் பறிப்பார்களா என்று நிர்வாகிகள் எங்களைப் பார்த்தாலே கேட்பார்கள். இந்தியத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்ததை ராஜஸ்ரீ ஜெயராமன், தேப்ராஜ் ராய், ஃபிரான்சிஸ் தெ வெரிகூர் மூவரும் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அரசு உத்தரவால் அங்கே அடிப்படைக் கூலி உயர்ந்தது. கிலோவுக்கான ஊக்கத்தொகை உயரவில்லை, சில இடத்தில் குறையவும் செய்தது. கணக்குப்படி உற்பத்தி குறைந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே 20 முதல் 80 சதவீதம் வரை கூடியது! அதற்குப் பின் வந்த மாதங்களில் அத்தனையும் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. நம்மூர் எஸ்டேட் ஒன்றில் எடை போடும் இடத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னபோது சாக்கை இறக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சிரித்தார். "மொத மாசம் எல்லாரும் பறிப்பாங்க சார். செடி குடுக்கணும்ல."

செடி கொடுக்க வேண்டும் என்பது பெரிய விஷயம். கவ்வாத்து எடுத்து, அதாவது செடியை வெட்டிவிட்டு, கொழுந்து நன்றாக வரும் தேயிலைக் காட்டில் கிடைக்கும் எடை, பழைய காட்டில் அதே கைக்குக் கிடைக்காது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் அதுவும் போச்சு. எந்த நிரை யாருக்கு என்பதை முடிவு செய்வது மேஸ்திரி. அந்த அக்கா தன் கிலோவை ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வைத்திருந்தார். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த கிலோ தனி வரிசையில் சிவப்பு மையில். உழைப்பு, காடு, மேஸ்திரி, கழிவு எல்லாம் ஒரே எண்ணுக்குள் இருக்கும்போது இது ஊக்கத்தொகையின் பலன் என்று எதைப் பிரித்துச் சொல்வது? அதே அக்கா ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் படுகர் தோட்டத்தில் கிலோ கூலிக்குப் பறிக்கப் போவார். அங்கே வீடும் இல்லை, செக்ரோலும் இல்லை. அவர் உழைப்புக்குச் சந்தை என்ன விலை வைக்கிறது என்று பார்க்க எனக்குக் கிடைத்த சுத்தமான எண் அந்த ஞாயிற்றுக்கிழமை எண்தான்.

வீட்டுக்கு ஒரு மதிப்புப் போட்டுக் கூலியோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி பேச்சு வரும். குன்னூர் டவுனில் இதே அளவு வீட்டுக்கு என்ன வாடகையோ அதைப் போடு என்றார் ஒருவர். ஒழுகும் கூரைக்கும் வெளியே இருக்கும் கழிப்பறைக்கும் டவுன் வாடகையா என்றார் இன்னொருவர். லைன் வீட்டை யாரும் வாடகைக்கு விடுவதில்லை, அதனால் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. போனால் எதை இழப்பீர்கள் என்று நேரடியாகக் கேட்போம் என்பது என் கட்சி. படிவம் நீண்டுவிடும் என்று மேலே ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு 'வீடு: உண்டு / இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அடுத்து 'செக்ரோலில் யார் பெயர்?' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.