முறுக்கு உதிர்க்கும் முடி

முறுக்கு எங்கள் வீட்டு லாப்ரடார். 2020 ஊரடங்கில் எட்டு வாரக் குட்டியாக வந்தது. பொன்னிறமாகச் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்து மகள் வைத்த பெயர். பூனை ராணி அதற்கு முன்பிருந்தே இருக்கிறாள், வீட்டுப் பத்திரமே அவள் பெயரில் இருப்பதுபோல. இங்கிலாந்தில், ரெடிங்கில், மூன்று படுக்கையறை வீடு. சமையலறையும் குளியலறையும் வாசலை ஒட்டிய உள்நடையும் தவிர மற்ற எல்லா இடத்திலும், மாடிப்படி உட்பட, சுவரோடு சுவராக கார்ப்பெட். பாளையங்கோட்டையில் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவளுக்கு இது முதலில் பெரிய சொகுசாகத் தெரிந்தது. நாய் வந்த பிறகுதான், முடியைச் சேமித்து வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று புரிந்தது.

லாப்ரடாருக்கு மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு. வருடம் முழுக்க உதிரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்தப் பஞ்சு கொத்துக்கொத்தாகக் கழன்று வரும். பஞ்சைக்கூட அள்ளிவிடலாம். முரட்டு முடி இருக்கிறதே, அது கார்ப்பெட்டுக்குள் ஊசி மாதிரி இறங்கி நின்றுகொள்ளும். சும்மா உறிஞ்சினால் வராது.

எங்களிடம் இருந்தது வயரில்லாத குச்சி வாக்யூம். சுவரில் மாட்டி வைக்கலாம், பார்க்க அழகு. முழு வேகத்தில் வைத்தால் பத்து நிமிடம் ஓடும். இரண்டாவது வருடம் முடிவதற்குள் ஹாலைத் தாண்டுவதற்கு முன்பே மூச்சு விட்டுவிட்டது. பாட்டரி மாற்ற அந்தக் கம்பெனி கேட்ட விலையில் ஊருக்கு ஒரு தடவை போய் வரலாம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

போன ஏப்ரலில் அம்மா வந்தாள், ஆறு மாத விசாவில். வந்த மறுநாளே கேள்வி.

"ஏட்டி, இந்த வீட்ட நீ கூட்டவே மாட்டியா?"

"இப்பத்தானம்மா மெஷின் போட்டேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. குனிந்து, குழாயில் நனைத்த உள்ளங்கையால் சோபா ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தாள். எலுமிச்சை அளவுக்கு ஒரு முடி உருண்டை. "அப்ப இது என்னது?"

அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். அவருக்கு இரண்டு ஸ்பானியல் நாய்கள், எண்பதை நெருங்கும் வயது, ஆனால் அவர் வீட்டுக் கார்ப்பெட்டில் படுத்துப் புரளலாம். "என் ஹூவரை எடுத்துப்போய்ப் பார்" என்றார். அது ஹூவர் கம்பெனியுடையதே இல்லை. இந்த ஊரில் எல்லா வாக்யூமும் ஹூவர்தான், நம் ஊரில் எல்லா நகலும் ஜெராக்ஸ் ஆனதுபோல. வயரோடு, கைப்பிடியோடு, நிமிர்ந்து நிற்கிற பழைய அப்ரைட். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம்.

குச்சி வாக்யூமால் இரண்டு தடவை இழுத்து முடித்த அதே இடத்தில் இதை ஓட்டினேன். ஒரு பாய் விரிக்கும் அளவு இடம், அவ்வளவுதான். பையைத் திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் பிய்யவில்லை. முடி, தூசி, இரண்டு கடுகு, மகளுடைய காதணியின் திருகாணி. அம்மா திருகாணியை மட்டும் எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது, வயர் உள்ள அப்ரைட்தான் என்று. எந்த அப்ரைட் என்பதற்குத்தான் ஒரு மாதம் ஆனது.

என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது வாட். துபாயில் இருக்கும் அவர் நண்பர் வீட்டில் 2000 வாட் மெஷினாம், இங்கே ஏன் எல்லாம் 900-க்குக் கீழேயே இருக்கிறது என்று அவருக்கு ஆதங்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட் என்று வரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 ஆகக் குறைத்தது. பிரிட்டன் வெளியே வந்த பிறகும் அதே விதிதான் தொடர்கிறது. வாட் என்பது மெஷின் தின்கிற மின்சாரம். அது எவ்வளவு உறிஞ்சும் என்பது வேறு கணக்கு. அதிலும் கார்ப்பெட்டில் இறங்கி நிற்கும் முடியைப் பிடுங்குவது காற்றே இல்லை, அடியில் சுழலும் ரோலர் பிரஷ். அது இழைகளைத் தட்டி விலக்கி, முடியைக் கிளப்பிக் கொடுக்கும். காற்று அதை அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான் காற்றின் வேலை. அப்ரைட்டில் பெரும்பாலும் இந்த ரோலரை மோட்டாரே பெல்ட் போட்டுச் சுழற்றும். மெஷினின் எடை வேறு தலைப்பக்கம் அழுத்தும்.

இந்த வடிவமே ஒரு கூட்டுகிறவர் கண்டுபிடித்ததுதான். அமெரிக்காவில், ஒஹையோவின் காண்டன் நகரில், ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தார். ஆஸ்துமாக்காரர். தூசி தாங்காமல் ஒரு மின்விசிறி மோட்டார், சுழலும் பிரஷ், துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரு மெஷின் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டவர்தான் ஹூவர். பாட்டியின் மெஷினைப் பார்த்தால் அந்தத் தலையணை உறை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது.

ரோலர்தான் முக்கியம் என்றால், ரோலரில் சுற்றிக்கொள்ளும் முடிதான் அடுத்த பிரச்சினை. இதில் நாயைக் குற்றம் சொல்ல முடியாது. நாய் முடி குட்டை. சுற்றுவது எங்கள் மூன்று தலைமுறைக் கூந்தல், அதுவும் தேங்காயெண்ணெய் தடவியது. அது முதலில் கயிறு மாதிரி இறுக்கிக்கொள்ளும், அதன் மேல் நாய்ப் பஞ்சு போய் ஒட்டும். பழைய குச்சி வாக்யூமின் ரோலரைக் கழற்ற நாலு திருகு. சின்னக் கத்தரிக்கோலை அடியில் விட்டு நறுக்கி, சிக்கெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போகும். ஒருநாள் கத்தரி வழுக்கி பிரஷின் தூவியையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அதனால் கடையில் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, ரோலரை வெறும் கையால் கழற்ற முடிகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். விற்பனைப் பையன் பயந்துபோனான்.

பெட்டியில் நாய் படம் போட்டிருக்கும் மாடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் அதே மெஷின், வேறு நிறம், கூடவே சோபாவுக்கு ஒரு குட்டி பிரஷ். அந்தக் குட்டி பிரஷ் தனியாகவே கிடைக்கிறது.

அப்புறம் பையா, டப்பாவா? டப்பா வைத்ததில் பை வாங்கும் செலவு இல்லை, உள்ளே சுழல்வதும் கண்ணாடி வழியே தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் குப்பைத் தொட்டியில் தட்டும்போது பாதி தூசி முகத்துக்கே திரும்பி வரும். என் வீட்டுக்காரருக்குப் பூனை ஒவ்வாமை உண்டு (கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்). ஒவ்வாமை தருவது பூனையின் முடி இல்லை, அதன் எச்சிலிலும் தோலிலும் ஊறும் ஒரு புரதம். அது காய்ந்து மிக நுண்ணிய துகளாகி, மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். நல்ல ஃபில்டர் இருந்தாலும் மெஷினின் உடம்பு காற்றுப்புகாமல் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டருக்கு வருவதற்கு முன்பே ஓரத்தில் கசிந்துவிடும். கடையில் ஓடவிட்டு இணைப்புகளின் மேல் கையை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

பைக்கு ஓட்டுப் போட இன்னும் இரண்டு காரணங்கள். ஒன்று கோலமாவு. வாசலில் மழை என்பதால் பொங்கலுக்கு உள்நடையில் கோலம் போட்டு, மறுநாள் பழைய மெஷினால் உறிஞ்சினேன். ஃபில்டர் சப்பாத்திக்குத் தேய்த்த மாவு மாதிரி அடைத்துக்கொண்டது. இரண்டாவது தெள்ளுப்பூச்சி. ராணி ஒரு கோடையில் எங்கிருந்தோ கொண்டுவந்தாள். பூனைக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது, முட்டையும் புழுவும் கார்ப்பெட்டுக்குள் இருக்கும். கூட்டுப்புழு, மெஷினின் அதிர்வு பட்டால் பொரிந்து வெளியே வரும். அதனால் தினமும் ஓட்டச் சொன்னார் கால்நடை மருத்துவர், ஓட்டியதை உடனே கட்டி வெளியே போடவும் சொன்னார். பை என்றால் மூடித் தூக்கிப் போடலாம். டப்பா என்றால் திறந்து... வேண்டாம்.

வயர் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மாடி நடையில் இருக்கும் ப்ளக் பாயிண்டில் செருகினால் மூன்று அறைக்கும் எட்டுமா? கோலம் போடும் கயிற்றை எடுத்து வளைவுகளோடு அளந்தேன். எட்டரை மீட்டர். பத்து மீட்டர் வயர் உள்ளதைத் தேடினேன்.

கடைசியில் வாங்கியது ஜெர்மனியில் செய்த சீபோ. பை வைத்தது. ரோலர் ஒரு பட்டனை அழுத்தினால் பக்கவாட்டில் உருவி வருகிறது, தூவியின் உயரத்தை மெஷினே கார்ப்பெட்டுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்கிறது. பார்க்க அலுவலகச் சாமான் மாதிரி இருக்கும். முதல் வாரம் மட்டும் இரண்டு பை நிரம்பியது. பிறகு மாதம் ஒன்று. ஹாலின் கார்ப்பெட் நாங்கள் நினைத்ததைவிட ஒரு சாயல் வெளிர் நிறம் என்று தெரிந்தது. அலுவலக அறையில் மட்டும் கம்பளி நூலை வளையம் வளையமாகக் கோத்த விரிப்பு. அதில் ரோலரை ஓட்டினால் வளையம் அறுந்துவிடும், அங்கே குழாயால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஏழு கிலோவுக்கு மேல் எடை. சோபாவுக்கு அடியில் தலை நுழையாது. மாடிப்படியில் ஒரு கையில் இதைப் பிடித்துக்கொண்டு மறு கையில் குழாயை நீட்டுவது சர்க்கஸ். மூன்றாவது வாரம் நான் படியில் இப்படித் திணறிக்கொண்டிருந்தபோது அம்மா பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறையோடு வந்தாள்.

"தள்ளுட்டி."

லேசாக ஈரமாக்கி, மேல் படியிலிருந்து ஒவ்வொரு படியையும் தன் பக்கமாக இழுத்து இழுத்துத் துடைத்தாள். முடி சுருண்டு சுருண்டு வந்தது. பதிமூன்று படி, கால் மணி நேரம், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய. முறுக்கு கடைசிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுடையது என்று தெரியாமலே.

அம்மா அக்டோபரில் கிளம்பிவிட்டாள். அந்தக் கையுறை இன்னும் படிக்கு அடியில், வாக்யூமின் கைப்பிடியில் மாட்டிக் கிடக்கிறது. வலது ஆள்காட்டி விரலில் ஒரு ஓட்டை.