மூன்று பேரில் ஒருவர்

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 41 பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 3 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். பெயர் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதே வாசகத்தோடு கல் உண்டு, எண்கள்தான் மாறும். சின்ன வயதில் அதன்மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத்தான் கோலி ஆடப் போவோம்.

22 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிறகுதான் அந்தக் கல் என்னை உறுத்த ஆரம்பித்தது. எங்கள் யூனிட்டில் ஒருவன் இறந்தால் அவன் பெயர், நம்பர், ஊர் எல்லாம் எழுதி வைப்போம். இங்கே மூன்று பேர் வெறும் மூன்றாக இருக்கிறார்கள். ஒருவருடைய பெயரையாவது கண்டுபிடித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கிளம்பினேன். இரண்டு மாத வேலை என்று நினைத்தேன், இரண்டு வருடம் பிடித்தது.

முதல் காரியத்தையே தப்பாகச் செய்தேன். கல்லின்மேல் நாலைந்து கோட்டு சுண்ணாம்பும் ஒரு கோட்டு பச்சை டிஸ்டம்பரும் ஏறியிருந்தன. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆங்கில எழுத்து ஒன்றின் வால் கீறிப்போய்விட்டது. அந்த வழியாகப் போன கல்தச்சர் ஒருவர் நின்று திட்டினார். தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டுமாம். இரண்டு நாள் ஈரச்சாக்கைப் போர்த்தி, குச்சியால் சுரண்டி முடித்தேன். கீறல் இன்னும் இருக்கிறது.

அடுத்தது பெயர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் இருக்கிறது, காசு கிடையாது. பெயரை வைத்துத் தேடினால் நம் ஆட்கள் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர், அதையும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் பெயரை விட்டுவிட்டு, இந்தியப் படை, முதல் உலகப் போர் என்று வடிகட்டி, கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் கொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்த்தேன். ஏழாவது தடவை விழுந்தது. இன்னொன்று, இன்றைய மாவட்டப் பெயர் உதவாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் பிரித்ததெல்லாம் அந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியுமா? அவருக்கு எல்லாமே வட ஆற்காடு, மெட்ராஸ்.

கிடைத்த பதிவு இரண்டே வரி. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சாப்பர், அதாவது பாலம், பாதை போடும் பொறியியல் பிரிவுச் சிப்பாய். ஒரு நம்பர். இறந்தது ஜூலை 1917. இன்னாளின் கணவர், இன்ன ஊர். நினைவிடம்: பஸ்ரா.

பஸ்ரா நினைவிடத்தைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போய்விட்டது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-இல் திறந்தார்கள். முதலில் பஸ்ரா ஊருக்குப் பக்கத்தில் இருந்ததை 1997-இல் சதாம் உசேன் அரசு பெயர்த்து, நசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் வைத்துவிட்டது. அதன் சுவர்ப் பலகைகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. நம் சாதாரணச் சிப்பாய்க்குக் கிடையாது. ஒவ்வொரு படைப்பிரிவின் அடியிலும் 'மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று ஓர் எண் மட்டும். அங்கேயும் எண்தான், எங்கள் சாவடியிலும் எண்தான்! 2021-இல் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு, 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர்க் கல்லை லண்டனிலிருந்து வந்து யாரும் திருத்தப் போவதில்லை.

சரி, இவர் யார் வீட்டுப் பிள்ளை? ஊர்த்தெருவில் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. என்னோடு சர்வீஸில் இருந்த நண்பர் ஒருவர்தான், "காலனியில் கேட்டீங்களா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸில் அந்தக் காலத்திலேயே பறையர்களையும் கிறிஸ்தவர்களையும் நிறையச் சேர்த்தார்கள் என்று படித்திருந்தேன். படித்தும், முதலில் கேட்கப் போனது எங்கள் தெருவில்.

காலனியில் முதல் வீட்டிலேயே, "பிஞ்சின் ஆயா வீட்டைக் கேக்கறீங்களா?" என்றார்கள். பிஞ்சின் என்றால் பென்ஷன். அந்த வீட்டில் எழுபத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா இருந்தார். பிஞ்சின் ஆயா அவருடைய வீட்டுக்காரரின் அப்பாவைப் பெற்றவர். நான் பதிவில் இருந்த மனைவியின் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அது உனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ ஆயா இருந்துச்சு. பத்தொன்பது வயசுல தாலி அறுத்ததாம். மாசாமாசம் பிஞ்சின் வாங்கும். ஒரு வெண்கலத் தட்டு வச்சிருந்துச்சு, சிங்கமும் ஒரு பொம்பளையும் போட்டிருக்கும். பொங்கலுக்குத் தேச்சுப் பொட்டு வைக்கும்."

போரில் இறந்தவர்களின் வீடுகளுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய தட்டு அது. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு, பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா சிங்கத்தோடு நிற்பாள், ஓரத்தில் இறந்தவரின் பெயர் இருக்கும், பதவி இருக்காது. அதைப் பார்த்தால் எல்லாம் உறுதியாகிவிடும் என்று எனக்குக் கை பரபரத்தது. "எங்கம்மா அது?"

"ஆயா போனப்புறம் பாத்திரக்காரன்கிட்ட போட்டு ஒரு குடம் வாங்கிட்டோம்."

அந்தக் குடத்தில் எனக்குத் தண்ணீரும் கொடுத்தார்.

மனைவி பெயர் பொருந்திவிட்டது. சாப்பருடைய பெயரும் பொருந்த வேண்டுமே. கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "ஆயா எங்கடா அவரு பேரைச் சொல்லுச்சு? சாகற வரைக்கும் சொல்லல." நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அந்தப் பெயரை அறிந்த ஒரே ஆள் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாரா என்று நினைத்தேன். அதற்குள் அவரே, "பேரனுக்கு அந்தப் பேருதான் வச்சாங்க" என்றார். பேரன் என்றால் இவருடைய வீட்டுக்காரர். ஆகவே இவரும் சொல்ல மாட்டார்! உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து விரலால் காட்டினார். பதிவில் இருந்த அதே பெயர், ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அப்புறம் கிராம சபை. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் மனு வைத்தேன். "வெள்ளைக்காரன் சண்டைக்குப் போனவருக்கு நாம எதுக்குக் கல்லு வைக்கணும்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம், அதற்காகப் போனவர்கள்தான் அதிகம் என்று சொன்னேன். நானும் சம்பளத்துக்குத்தான் போனேன் என்றும் சொன்னேன். இளைஞர்கள் சிலை வைக்கலாம் என்றார்கள். பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. தவிர, யார் முகத்தை வைப்பது? போட்டோவே கிடையாது. பெயர்ப்பலகைக் கல் போதும் என்று முடிவானது.

உண்மையான சண்டை எங்கே வைப்பது என்பதில்தான். "காலனி நுழைவுலயே வச்சா அவங்களுக்கும் பெருமைதானே" என்று ஒருவர் மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து, "அந்தச் சாவடித் திண்ணையில எங்க மாமனார் உக்காந்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரிய கல்லில் அவரை 3 பேரில் ஒருவராக எண்ணியிருக்கிறது, பெயர் அதன் பக்கத்தில்தான் வரும் என்று நான் சொன்னேன். தீர்மானம் நிறைவேறியது. கை தூக்காதவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு ஓர் அலுவலகத்தில் எங்கள் காகிதம் மூன்று மாதம் தூங்கியது, அதை விட்டுவிடுகிறேன்.

கல்லுக்கு அதே தச்சரிடம் போனேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. புள்ளி வைத்த எழுத்தும் ஒன்றுதானா என்று அரைமணி நேரம் பேரம் பேசினேன். 'வீரமரணம் அடைந்தார்' என்று போடச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். மெசபடோமியாவில் குண்டு மட்டுமல்ல, நோயும் வெயிலும் நிறையப் பேரைக் கொன்றன. பதிவில் இறந்தார் என்றுதான் இருக்கிறது, அதையே போட்டேன். பெயர், சாப்பர், மெட்ராஸ் சாப்பர்ஸ், பஸ்ரா, 1917. அதன் கீழே இரண்டு வரிக்கு வெற்றிடம் விடச் சொன்னேன். மற்ற இருவரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெற்றிடத்துக்குத் தச்சர் காசு வாங்கவில்லை.

திறப்பை அந்தச் சாப்பர் இறந்த தேதியிலேயே வைத்தோம். பக்கத்து ஊர்களிலிருந்து முன்னாள் ராணுவத்தார் பதினாறு பேர் மெடல் குத்திக்கொண்டு வந்தார்கள். பியூகிள் ஊத ஆள் கிடைக்கவில்லை, செல்போனில் ஒலிபெருக்கியை மாட்டிப் போட்டோம். பாதியில் யாரோ கூப்பிட்டு ரிங்டோன் அடித்தது. ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிய நினைவுச் சான்றிதழை லேமினேட் செய்து குடும்பத்துக்குக் கொடுத்தேன்.

அந்த அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொன்னோம். முந்தானையால் ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்தார். திரையை விலக்கியதும் பெயரை வாசியுங்கள் என்று யாரோ அவரிடமே மைக்கை நீட்டிவிட்டார்கள். அவர் மைக்கை வாங்கிப் பக்கத்தில் நின்ற பேத்தியிடம் கொடுத்தார். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண். எழுத்துக் கூட்டி, வகுப்பில் வாசிப்பதுபோலக் கத்தி வாசித்தாள்.

"தாத்தா பேரு!" என்றாள் திரும்பிப் பார்த்து.

அந்த அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.