ஒற்றை நுழைவு விசாவால் போன ஒன்பது நாட்கள்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் ஒட்டுத்தாளில் எத்தனை தடவை நுழையலாம் என்பதைச் சொல்லும் சிறிய கட்டம் ஒன்று உண்டு. என்னுடையதில் அந்தக் கட்டத்தில் 01 என்று அச்சாகியிருந்தது. வெள்ளவத்தைக்குத் திரும்பும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைத்த பிறகுதான் உறையைப் பிரித்துப் பார்த்தேன். பம்பலப்பிட்டியில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து ஓடினேன். விசா விண்ணப்ப நிலையத்தின் கதவு மூடியிருந்தது. பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

நான் போக வேண்டியிருந்தது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் மிதந்து நகரும் பனிப்பாளத்தின்மேல் அமைக்கும் ஆய்வு முகாமுக்கு. ஏப்ரலில் இருபத்தொரு நாள். விண்ணப்பித்தது, தெரிவானது, மருத்துவச் சான்றிதழ், பல் பரிசோதனை எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. பல்லை அலட்சியம் செய்யாதீர்கள். முகாமில் பல் வைத்தியர் இல்லை, திரும்பும் விமானம் வானிலையைப் பொறுத்தது.

தொல்லை தொடங்கியது விண்ணப்பம் வாங்கும் கருமபீடத்தில். "மிஸ், தங்குமிட முகவரி எழுதவில்லையே, ஹோட்டல் பதிவு எங்கே?" என்று கேட்டார் அங்கிருந்த இளைஞர். முகாமுக்கு முகவரி கிடையாது என்றேன். அது ஒரு நாளில் பத்துக் கிலோமீற்றர்கூட நகரும், இன்று இருக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் நாளை இராது என்று அழைப்புக் கடிதத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கடிதத்தை வாசிக்கவே இல்லை. "முகவரி இல்லாமல் எடுக்க முடியாது, மிஸ்" என்று கோப்பைத் திருப்பித் தள்ளினார். அரை நாள் விடுப்பு எடுத்துப் போன பயணம் வீணானது. முகாமை நடத்துபவர்கள் ஸ்வால்பார்டின் லோங்யேர்பியன் ஊரில் உள்ள தங்கள் களஞ்சியத்தின் முகவரியைத் தலைப்புத் தாளில் எழுதி அனுப்பிய பிறகே இரண்டாம் முறை கோப்பை ஏற்றார்கள். இப்படிப்பட்ட பயணம் போகிறவர்கள் கரையில் உள்ள ஒரு முகவரியை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் முறையில்தான் பெரிய பிழை நடந்திருக்கிறது. ஸ்வால்பார்ட் நோர்வேயின் இறைமைக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் வலயத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே நுழைய விசாவே தேவையில்லை. ஆனால் நாம் போவது ஒஸ்லோ வழியாக. ஒஸ்லோவில் இறங்குவது முதல் நுழைவு, ஸ்வால்பார்டுக்கு ஏறுவது வெளியேற்றம், திரும்பி ஒஸ்லோ வருவது இரண்டாம் நுழைவு. ஆகவே குறைந்தது இரண்டு நுழைவுக்கான விசா வேண்டும். நான் படிவத்தில் அப்படித்தான் குறித்திருந்தேன். கணினியில் பதிந்தவர் "போவது ஒரே நாடுதானே" என்று ஒன்று என்று போட்டிருக்கிறார். அவர் அச்சிட்டுத் தந்த தாளில் கையெழுத்து வைக்கும்முன் அந்த வரியை நான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் படித்து முடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நின்றேன். திருத்த முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் மீண்டும் கட்ட வேண்டும் என்றார்கள். தவறு யாருடையது என்று கேட்டதற்கு எவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் அம்மா, "போகாவிட்டால் என்ன பிள்ளை, அந்தக் குளிரில்" என்று ஆறுதல் சொல்ல முயன்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாவது விசா கிடைக்க மூன்று கிழமை ஆனது. கட்டம் 02 என்று காட்டியது. ஒன்பது நாள் போய்விட்டது.

கட்டுநாயக்கவில் இன்னொரு தடை காத்திருந்தது. அதிர்வை உணரும் என் ஜியோபோன் பதிவுக் கருவிகளுக்கான லித்தியம் மின்கலங்களில் வோல்ற்றும் அம்பியர் மணியும் மட்டும் அச்சிட்டிருந்தன, வாட் மணி இல்லை. கைப்பொதியில் 100 வாட் மணிக்குள் உள்ளவற்றைக் கொண்டுபோகலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் பொதியில் இடமில்லை. கருமபீடத்தில் இருந்தவர் எண் இல்லாததால் மறுத்தார். நான் இதற்கு ஆயத்தமாக இருந்தேன். 14.8 வோல்ற்றை 6.6 அம்பியர் மணியால் பெருக்கினால் 97.68 வாட் மணி. உற்பத்தியாளரின் விவரத்தாளையும் அந்தப் பெருக்கலையும் பம்பலப்பிட்டி கொமினிகேஷன் கடையொன்றில் அச்சிட்டு, ஒவ்வொரு மின்கலத்திலும் எண்ணை ஒட்டியிருந்தேன். மேலதிகாரி வந்து தாளைப் பார்த்தார், தலையசைத்தார். இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

பனிப்பாளத்தில் கால் வைத்தபோது முகாம் தொடங்கி ஒன்பது நாள் கழிந்திருந்தது. எங்கள் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. பனியில் சிறு குழி தோண்டி, ஜியோபோனை நிமிர்த்தி வைத்து, நன்னீர் ஊற்ற வேண்டும். -25 பாகையில் நீர் கண்ணெதிரே வெண்மையாகி இறுகும். விரல் நடுங்கிக் கருவி சாய்ந்துவிட்டால் அடித்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டும். பிறகு சுத்தியலால் பனியைத் தட்டினால் பாளம் மேலும் கீழும் வளைந்து அலையாக ஓடுகிறது. அந்த வளைவலையில் அதிர்வெண் கூடிய பகுதி முந்தி வரும், குறைந்த பகுதி பிந்தும். அந்த முந்தலையும் பிந்தலையும் வைத்துத் துளை போடாமலே பனியின் தடிப்பைக் கணிக்கலாம்.

பல்லேகலை நில அதிர்வு நிலையத்தின் பதிவுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு முதல் இரு நாளும் தடுமாற்றம். அங்கே கருவி நிலத்தோடு பிணைந்திருக்கிறது. இங்கே கீழே ஆழ்கடல். கடலடியில் நில அதிர்வு நிகழ்ந்தால் ஓடும் திசைக்குக் குறுக்காக அதிரும் குறுக்கலை நீரைக் கடந்து வராது, முன்பின்னாக அதிரும் நெட்டாங்கு அலைதான் எட்டும். போதாததற்குக் கருவி இருந்த இடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஜிபிஎஸ் நிலை வேண்டும். அந்த ஜிபிஎஸ் கோட்டில் பாளம் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி ஓடுவதைக் கண்டேன். 1893 முதல் 1896 வரை பிராம் கப்பலைப் பனியோடு மிதக்கவிட்டபோது நோர்வே ஆய்வுப் பயணி நான்சன் கவனித்த அதே விலகல். புவியின் சுழற்சியால் வருவது. கொழும்பு இருக்கும் 7 பாகை அகலாங்கில் அந்த விளைவு துருவத்தில் உள்ளதன் எட்டில் ஒரு பங்கு அளவுதான்.

நான் வராத ஒன்பது நாளில், ஆறாம் நாள் இரவு, பாளத்தின் குறுக்கே வெடிப்பு ஒன்று ஓடியிருக்கிறது. சமையல் கூடாரத்தையே இடம் மாற்ற வேண்டியிருந்ததாம். பனி உடையும்முன் என்ன அதிர்வுகளைத் தருகிறது என்பதைப் பதியத்தான் நான் விண்ணப்பித்திருந்தேன். அந்த இரவில் என் கருவிகள் வெள்ளவத்தையில் கட்டிலின் கீழ் பெட்டிக்குள் கிடந்தன. எஞ்சிய பன்னிரண்டு நாளில் சிறு வெடிப்புகள் சிலவே கிடைத்தன. அவற்றை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில் ஒஸ்லோவில் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி, கட்டத்தில் 02 இருப்பதைப் பார்த்து, முத்திரை குத்தித் தந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.