நாலடித் தொட்டியிலிருந்து ஆறடித் தொட்டிக்கு

ஜனவரி 18, சனி

பொங்கலுக்கு வந்த சொந்தமெல்லாம் ஊர் திரும்பிவிட்டது. காரைக்குடியிலிருந்து என் கடல் மீன்களுக்கான ஆறடிக் கண்ணாடித் தொட்டியும் வந்து இறங்கியாயிற்று. நீளம் ஆறடி, அகலமும் உயரமும் இரண்டடி. நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 600 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, பாறை, மணல் சேர்த்தால் எடை முக்கால் டன்னைத் தாண்டும். மாடித் தளத்தைத் தாங்குவது பழைய மரக்கட்டைகள், அதனால் அங்கே வைக்கும் பேச்சே இல்லை. கீழே இரண்டாம் கட்டில், முற்றத்து வெயில் எட்டாத சுவரோரம் இடம் பார்த்திருக்கிறேன். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு முனை தாழ்ந்திருந்தது. மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று முற்றத்தை நோக்கி வாட்டம் கொடுத்துத்தானே நம் பக்கத்துத் தரைகளைப் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் தகடு கொடுத்துச் சமன் செய்தோம். ஆத்தங்குடிக் கல்லுக்கு மேல் கனமான ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர் ஊறினால் அந்தக் கல்லில் வெள்ளை பூத்துவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் பழைய பளபளப்பு வராது.

இத்தனையும் நீல டேங்க் (blue tang) என்ற என் கடல் மீனுக்காக. வாங்கும்போது விரல் நீளம் இருந்தது. இப்போது உள்ளங்கை அளவு. நாலடிக்குள் போவதும் திரும்புவதுமாக அது நீந்துவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

புதிதாக 400 லிட்டர் உப்புத் தண்ணீர் வேண்டும். மிச்சம் பழைய தொட்டித் தண்ணீரே. நம் ஊர்ப் போர்த் தண்ணீர் இதற்கு ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். அதில் மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை லிட்டருக்கு 36, 37 கிராம் வீதம் கரைத்தால் அடர்த்தி 1.025 வரும். மொத்தம் 15 கிலோ.

இவ்வளவு தண்ணீரை எதில் கரைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா சொன்னார்கள்: "பரண்ல பித்தளை அண்டா சும்மாதானே கெடக்கு, எறக்கிக்கப்பா." ஊர்ப் பந்திக்கே சோறு வடித்த அண்டாக்கள் அவை. ஆனால் பித்தளையில் பெரும்பங்கு செம்பு. உப்புத் தண்ணீர் அந்தச் செம்பை அரித்துத் தன்னோடு கொண்டுவந்துவிடும். மீனாவது ஓரளவு தாங்கும், இறால் தாங்காது. துளி செம்பு போதும், என்னுடைய துப்புரவு இறால் செத்துவிடும். இதைச் சொன்னதும் அப்பத்தா, "அப்ப தொடவே தொடாதே" என்றார்கள். புது பிளாஸ்டிக் டிரம்கள் வாங்கி, சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, கரைத்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பம்ப் ஓடுகிறது. இன்று கரைத்து இன்றே ஊற்றக்கூடாது, ஒரு நாளாவது சுழல வேண்டும்.

ஜனவரி 25, சனி

இன்று மீன்களுக்குத் தீனி இல்லை. வயிறு காலியாக இருந்தால் நாளை தொட்டி மாற்றும்போது அவை காத்திருக்கும் வாளியில் கழிவு குறையும்.

புதுத் தண்ணீரும் பழையதும் அடர்த்தி 1.025, சூடு 26 டிகிரி. இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நாளை வேலையைத் தள்ளிப்போடுவதாக இருந்தேன். மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை நாளை இல்லை, அதையும் விசாரித்தாயிற்று. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு தயாராக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்தோம், தம்பியும் நானும். முதலில் பழைய தண்ணீரை டிரம்மில் இறக்கினோம், அப்புறம் பாறைகள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காக்கும் பாக்டீரியா குடியிருப்பது பாறையிலும் ஃபில்டரிலும்தான். தண்ணீரில் மிதப்பது சொற்பம். அதனால் பாறையைக் காயவிடாமல் பழைய தண்ணீரிலேயே முக்கி வைத்தோம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது, குளோரின் பட்டால் எல்லாம் போச்சு. அப்படியே புதுத் தொட்டிக்கு மாற்றினேன்.

என் பாறைகள் எல்லாம் சுட்டுச் செய்த செயற்கைப் பாறைகள். ராமேஸ்வரம் பக்கம் பவளக்கல் கிடைக்குமே என்று தம்பி கேட்டான். கடின பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குள்ள அதே காவல். சட்டம் இல்லாவிட்டாலும் மன்னார் வளைகுடாவில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். என் கோமாளி மீன் ஜோடிகூடக் கடலில் பிடித்ததல்ல, தொட்டியில் பொரித்துப் பெருக்கியது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பைச் செய்து காட்டியிருக்கிறது. அப்படி இருக்கும்போது கடலில் ஏன் கைவைக்க வேண்டும்?

பாறை போனதும் மீனுக்கு ஒளிய இடமில்லை. தண்ணீரை ஒரு சாண் அளவுக்கு இறக்கியபின் பிடிப்பது சுலபம். டேங்கை மட்டும் வலையில் பிடிக்கக்கூடாது. வால் அடியில் இரு பக்கமும் கத்தி போன்ற முள் இருக்கிறது. அது வலையில் சிக்கினால் மீன் துடித்துத் துடித்துத் தன்னையே கிழித்துக்கொள்ளும். கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மெதுவாக மூலைக்கு ஓட்டினேன். உள்ளே நுழைந்தது. டப்பாவோடு தூக்கி வாளியில் விட்டு மூடி போட்டேன், குதித்துவிடும். வாளிக்கு வாளி காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன்.

மீன் வெளியேறும்வரை மணலில் கை வைக்கவில்லை. கடைசியில் அதை அள்ளியபோது அடியில் கறுப்புப் படலமும் அழுகிய முட்டை நாற்றமும். ஹைட்ரஜன் சல்பைடு. மீன் இருக்கும்போது இதைக் கிளறியிருந்தால் அத்தனையும் விஷம். பழைய மணல் ஒரு பிடிகூடப் புதுத் தொட்டிக்குப் போகவில்லை, அலசிய புது மணல்தான்.

பாறை அடுக்கி, பம்ப் ஓடி, கலங்கல் தெளிந்த பிறகு மீண்டும் அடர்த்தியும் சூடும் பார்த்துத்தான் மீனை விட்டேன். கோமாளிகள் முதலில், பிறகு டேங்க். இறாலுக்குச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விட்டுப் பழக்கினேன். சண்டைக்கார மீன் மஞ்சள்வால் டாம்சல் கடைசியில். முதலில் விட்டால் முழுப் பாறையும் தனக்கே என்று நிற்பான். விளக்கு போடவில்லை.

ஜனவரி 27, திங்கள்

அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளாகவே இருக்கிறது. சுழியம். டேங்க் பாறை இடுக்கில். தீனி ஒரு சிட்டிகை.

ஜனவரி 29, புதன்

குழாயில் மெல்லிய பச்சை, லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் அம்மோனியா. உப்புத் தண்ணீரில் பி.எச். 8.2 சுமார் இருப்பதால் இதே அளவு அம்மோனியா நன்னீரைவிட அதிகம் கடிக்கும். மிச்சம் கரைத்து வைத்திருந்ததில் 100 லிட்டர் மாற்றினேன். தீனியை நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடி மஞ்சள், தொடர்ந்து மஞ்சள். அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது வரும் நைட்ரைட்டும் இல்லை. டேங்க் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிறுத்தாமல் நீந்துகிறது, நோரித்தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கையிலிருந்தே பிடுங்கித் தின்கிறது. டாம்சல் இடது மூலையோடு சரி.

பழைய நாலடித் தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு, இங்கே ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்றை அதில் போடப்போகிறேன். இனி வாங்கும் எந்த மீனும், நோய் இருக்கிறதா என்று பார்க்க, நாலு வாரம் அங்கே இருந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வரும்.